சம்பாதி பார்த்த தூரம்

கழுகுமலைத் தலபுராணத்துக்குள் ஒரு பறவையின் துக்கம் இருக்கிறது. இராவணனின் வாளுக்குத் தம்பி சடாயு இரையானபோது அண்ணன் சம்பாதி பக்கத்தில் இல்லை. ஈமக்கடன் செய்தவன் இராமன். உடன்பிறந்தவனுக்குத் தன் கையால் கடைசிக் காரியம் செய்ய முடியாமல்போன குறை தீர, சம்பாதி இந்த மலையில் முருகனை வழிபட்டது என்கிறது புராணம்.

சம்பாதிக்குச் சிறகில்லை. சூரியனை நோக்கித் தம்பியோடு பறந்த நாளில், வெயில் தாங்காத தம்பியை மூடிக் காத்ததில் அவை கருகிப்போயின. கண் மட்டும் குறையவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, நூறு யோசனைக்கு அப்பால் இலங்கையில் சீதை இருப்பதை வானரர்களுக்குச் சொன்னது அதுதான். இவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரியும். தாண்ட அனுமன் வேண்டியிருந்தது.

இதே மலையின் சமணச் சிற்பங்களை ஒட்டி வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுக் காலத்தவை. கோட்டாற்றிலிருந்தும் இன்று சிதறால் எனப்படும் திருச்சாரணத்திலிருந்தும் வந்தவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. தெற்கே நூறு கிலோமீட்டருக்குமேல். அன்றைக்குத் தூரம் என்பது காலுக்கும் வெயிலுக்கும் உள்ள கணக்கு.

இன்றைய கணக்கு வேறு. மதுரையிலிருந்து துபாய்க்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,950 கிலோமீட்டர். விமானம் நாலரை மணி நேரத்தில் போய்விடுகிறது. கழுகுமலையிலிருந்து சென்னைக்குப் போகும் இரவுப் பேருந்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். அப்படியிருந்தும் சென்னையில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வீட்டில் இருக்கிறான். துபாய்க்காரன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறான்.

பாரிசுக்கும் ரோமுக்கும் இடையே 1,100 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பறப்பு. ஷெங்கன் உடன்பாட்டால் வழக்கமாக எல்லைச் சோதனையும் கிடையாது. அங்கே தூரத்தை மணிக்கணக்கில் சொன்னால் பெரும்பாலும் போதும். நம் கரிசல்காட்டுப் பிள்ளைக்கு விமான நேரம் கடைசியில் வருவது. அதற்கு முன்னால் விடுப்பு, டிக்கெட் காசு, முதலாளி வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்.

துக்க வீட்டில் முதலில் எழும் கேள்வி, “எப்ப எடுக்காக?” மகன் வெளிநாட்டில் என்றால் ஐஸ் பெட்டி வருகிறது, காத்திருக்கிறார்கள். வர முடியாதவன் செல்போனில் தகப்பன் முகத்தைப் பார்த்து அழுகிறான். எல்லாம் தெரிகிறது, ஒரு பிடி வாய்க்கரிசி போட முடியவில்லை. பூமி அவனுக்குச் சுருங்கவில்லை; பார்வைதான் நீண்டிருக்கிறது. வேண்டிய நேரத்தில் வந்து சேர முடியுமா என்பதே ஒரு மனிதனுக்கும் அவன் வீட்டுக்கும் உள்ள தூரம்.

இந்தத் தூரம் மனிதர் வைத்தது, குறைக்கவும் முடியும். நாட்டைவிட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதியைக் கத்தார் 2018இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு நீக்கியது. 2020இல் வீட்டு வேலை செய்பவர்களுக்கும். சவுதி 2021இல் தனியார் துறையினருக்குத் தளர்த்தியது. வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், ஆடு மேய்ப்பவர் அந்தச் சலுகைக்கு வெளியே நின்றார்கள். நம்மவர்கள் அதிகம் போய்ச் சேரும் வேலைகளில் இவையும் உண்டு.

பிள்ளையை அனுப்பும் வீட்டார் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். அவசரத்துக்கு விடுவார்களா, டிக்கெட் யார் செலவு, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.