சுற்றத்தின் கூறு

இல்லறத்தான் பேணவேண்டியவற்றைத் திருவள்ளுவர் ஐந்தாக வகுத்தார்: முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான். அந்தக் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அதில் ஒரு கணக்கையும் காண்கிறார். இந்த ஐந்துக்கும் ஐந்து கூறு வேண்டியிருப்பதால்தான் அரசனுக்குரிய இறை ஆறில் ஒன்றானது என்பது அவர் கருத்து. அப்படியானால் வரியின் அளவை முடிவு செய்வது அரசனின் தேவை அல்ல, குடிமகன் செய்யவேண்டிய அறம். குடிமகன் அந்த அறத்தைச் செய்ய முடியாதபடி அவன் கையை வெறுமையாக்குவது எதுவோ, அது அரசு கவனிக்கவேண்டிய காரியம் என்பதும் இதிலிருந்து பெறப்படும். இன்று ஏழைக் குடும்பத்தில் சுற்றத்தின் கூறை விழுங்குவது பெரும்பாலும் வரி அல்ல, வீட்டு வாடகை. வயதான பெற்றோருக்குப் பக்கத்தில் வந்து குடியிருக்க நினைப்பவரின் வாடகையில் ஒரு பகுதியை அரசு ஏற்றால், அது இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை ஆகாது, பட்ட கடனைத் தீர்ப்பதாகும் என்பது என் வாதம்.

காவிரி டெல்டாவில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக் கிராமங்களில் இந்தக் கேள்வி எப்படி எழுகிறது என்று பார்க்கலாம். வயல் வேலை ஆண்டு முழுக்கக் கிடையாது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டால் யாராவது ஒருவர் திரும்பியாகவேண்டும். திரும்பினால் எங்கே தங்குவது? இருப்பது சிறிய தொகுப்பு வீடு. அதில் ஏற்கெனவே அண்ணன் குடும்பம் இருக்கிறது. திரும்புகிறவர் மகளென்றால் சிக்கல் இன்னும் கூடும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989இல் தமிழ்நாடும் 2005இல் ஒன்றிய அரசும் கொண்டுவந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தன. ஆனால் ஒற்றை அறையை எந்தச் சட்டத்தாலும் பாகம் பிரிக்க முடியாது. மிஞ்சுவது டவுனில் வாடகை வீடு. 'எத்தனை பேரு இருப்பீங்க, படுக்கையில கிடக்கிறவங்க யாரும் உண்டா, உங்க ஆளுங்க எந்தத் தெரு' என்ற விசாரணையைத் தாண்டி, அட்வான்ஸையும் முதல் மாத வாடகையையும் எண்ணிவைக்கவேண்டும். நகரத்துச் சம்பளம் நின்ற அதே மாதத்தில் இந்தச் செலவு வந்து நிற்கிறது.

கடமையை வற்புறுத்துவதில் மட்டும் அரசு பின்வாங்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மகனுக்கும் மகளுக்கும் அதில் ஒரே பொறுப்பு. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் விதிக்கலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. கடமையைச் செய்ய வழி செய்யும் திட்டங்களோ வேறு திசையில் நிற்கின்றன. கிராமத்துக் குடிசைக்குப் பதிலாக வீடு கட்ட 3.50 லட்சம் ரூபாய் தரும் கலைஞர் கனவு இல்லம் திட்டம் மனையுள்ளவருக்கே உதவும். மானிய வாடகை என்ற எண்ணம் நம் அரசுகளுக்குப் புதிதல்ல. 2020இல் ஒன்றிய அரசு மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கியது, நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்களுக்காக. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024இல் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் திறந்தது, ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்காக. இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் வேலைக்காக வீட்டைவிட்டுப் போகிறவரின் கூரை அரசின் கண்ணுக்குத் தெரிகிறது, வீட்டாருக்காக வேலையை விட்டு வருகிறவரின் கூரை தெரியவில்லை. செய்ய இயலாததைக் கடமை என்று விதிப்பது அறம் ஆகாது. விதித்துவிட்டு, இயலும்படி செய்யாமல் தண்டிப்பது அதனினும் மோசம்.

இதற்கு ஆன்மிகத் தரப்பிலிருந்து வரும் மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதல்ல. பிறவியையே நோயாகக் கண்டு, அதற்கு மருந்தாகச் சிவனை வழிபடும் பிறவி மருந்தீசர் கோயில் திருத்துறைப்பூண்டியின் நடுவே இருக்கிறது. சுற்றம் பந்தம், பந்தம் பிறவிக்கு வித்து. பொதுப்பணத்தைக் கொடுத்து அதை இறுக்குவானேன் என்று கேட்கலாம். இதே காவிரி நாட்டின் பட்டினத்தார் கதையே இதற்குப் பதில். பூம்புகாரின் பெருஞ்செல்வத்தை உதறிய அந்தத் துறவி, தாய் இறந்தபோது கொள்ளி வைக்க வந்து சேர்ந்தார் என்றே மரபு சொல்கிறது. காலடி என்ற ஊரில் தாய்க்கு ஈமக்கடன் செய்த ஆதி சங்கரரைப் பற்றியும் இப்படியே சொல்வார்கள். எல்லாவற்றையும் விட்டவருக்கும் விடாத கடன் இது என்று மரபு நினைத்திருக்கிறது. துறவிக்கே விலக்கில்லை என்றால் இல்லறத்தானுக்குப் பந்தம் என்ற பெயரில் விலக்கு கொடுக்க முடியாது.

பணம் கொடுத்தால் பாசம் கூலியாகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. மானியம் பராமரிப்புக்கு விலை பேசினால் இந்த அச்சம் நியாயமே. இங்கே பேசுவதோ தூரத்தைக் குறைக்கும் செலவை. பக்கத்தில் வந்தபின் செய்வதும் செய்யாததும் அவரவர் மனம். பணம் அனுப்பினால் போதாதா என்பவர்கள் 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரையேறிய நேரத்தை நினைத்துப் பார்க்கலாம். ஓடு பறக்கும் வீட்டிலிருந்து நடக்க முடியாத கிழவியைப் பள்ளிக்கூடத்து முகாமுக்குத் தூக்கிப் போக, கூப்பிட்டால் கேட்கிற தொலைவில் ஒரு ஆள் வேண்டும். ஜிபேயில் வந்து விழும் பணம் அந்த வேலையைச் செய்யாது.

மிகக் கடுமையான மறுப்பு சாதியைப் பற்றியது. டெல்டாவில் உறவினர் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது என்றாலே தெரு ஒரு சாதிக்கு, சேரி ஒரு சாதிக்கு என்றாகும். குடிமனை மிராசுதாருடையது என்பதாலேயே பண்ணையாள் வாய் திறக்க முடியாமல் கிடந்த மண் இது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயச் சங்கமும், 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், குடியிருந்த மனையை உழைப்பவருக்கே உரிமையாக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பிடியைத் தளர்த்தின. சுற்றத்தோடு சேர்க்கும் மானியம் பழைய தெருவுக்கே ஆளை அனுப்பாதா? தெருவை அளவாக வைத்தால் அனுப்பும், தொலைவை அளவாக வைத்தால் அனுப்பாது. சிங்கப்பூரில் பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை அடுக்ககம் வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு. அதே அரசு 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் இன விகிதத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறது. சொந்த வீட்டுக்கான ஏற்பாடு என்றாலும் அதன் பாடம் வாடகைக்கும் பொருந்தும்: உறவுக்குப் பக்கத்திலும் பிறரோடு கலந்தும் ஒரே சமயத்தில் வாழ முடியும். 1997இல் தொடங்கிய சமத்துவபுரங்களுக்கு ஆதாரமான, பல சாதியாரும் கலந்து வாழவேண்டும் என்ற கொள்கையை வாடகை வீட்டுக்கும் கொண்டுவரலாம்.

மானியம் வந்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிடுவார் என்ற சந்தேகமும் நியாயமானது. பணம் மட்டும் போதாது, வீடும் வேண்டும். டெல்டாவின் ஊர்களில் எத்தனையோ வீடுகள் கோயில் அடிமனையில்தான் நிற்கின்றன. அதேபோல் கோயிலுக்குரிய, காலியாகக் கிடக்கும் மனைகளில் நகராட்சி சிறு வாடகை வீடுகளைக் கட்டி, சாதி கேட்காமல் குலுக்கலில் ஒதுக்கலாம். கோயிலுக்கு நியாய வாடகை முழுதாகப் போகட்டும். குடியிருப்பவரால் கட்ட முடியாத மீதியை அரசு கட்டட்டும். தெய்வத்தின் சொத்தை மலிவாகக் கொடுத்தார்கள் என்ற பழியும் வராது. யாருக்குக் கொடுப்பது, எத்தனை காலத்துக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கப் புதிய அலுவலகம் தேவையில்லை. ஜீவனாம்ச மனுக்களை விசாரிக்கும் கோட்டாட்சியருக்குப் பெற்றோரின் நிலையை அறியும் அதிகாரம் இப்போதே இருக்கிறது. கடமை தவறிய பிள்ளைக்கு உத்தரவு போடும் அந்த மேசையிலேயே, தவறாமல் இருக்க ஊர் திரும்பும் பிள்ளையின் வாடகை மனுவையும் வாங்கிக்கொள்ளலாம்.