வலிக்குச் சாட்சி

வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடும். தொடை தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் யாரோ கட்டைவிரலை ஊன்றி அழுத்துகிற மாதிரி வலி. பகலில் யாரிடமும் காட்ட ஒன்றும் இருக்காது. வீக்கம் இல்லை, நொண்டலும் இல்லை. "வாயுவா இருக்கும், பூண்டுப்பால் குடி" என்றார் அத்தை. கண்ணுக்குத் தெரியாத வலியை யாரும் மறுப்பதில்லை, நம்புவதும் இல்லை.

அதனால்தான் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். வீட்டில் மரியாதை கூடியது. குடம் தூக்க விடவில்லை. முதுகுக்கு மாத்திரை, முதுகுக்கு பெல்ட். வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஐம்பது வயதில் முதுகுவலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுக்கம் தெரியுமாம். அப்படியானால் என் படம் எதற்குச் சாட்சி?

இதற்கு நேர்மாறான கொடுமையும் உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்ணுக்கு ஸ்கேன் 'நார்மல்' என்றே வரலாம். "தீட்டு நாள்னா வலிக்கத்தான் செய்யும்" என்ற பதிலோடு வருடக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் என்னுடையது புகாரே அல்ல.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "எங்க வலிக்குதுன்னு ஒரே விரலால காட்டுங்கம்மா" என்றார். தொடை இடுக்கைக் காட்டினால் பந்துக் கிண்ண மூட்டைத்தான் முதலில் சந்தேகிப்பாராம். பிட்டத்தைக் காட்டினால் முதுகை. நான் காட்டியது பக்கவாட்டில். விரல் நுனியைச் சுவரில் வைத்துக்கொண்டு வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். அரை நிமிஷம் ஆவதற்குள் ராத்திரி வலி பட்டப்பகலில் வந்து நின்றது. வலித்தும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கண்ணெதிரே வலித்ததே!

பிட்டத் தசைகளை அந்த எலும்போடு பிணைக்கும் தசைநாண் நலிந்திருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம் வருவது. கால்மேல் கால் போடுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதும் அதை நசுக்கும். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நாம் நிற்கிற நிலை அச்சாக அதுதான். மருந்து என்று பெரிதாக இல்லை: முழங்கால்களுக்கு நடுவே தலையணை, தசையை மெல்ல மெல்ல பலமாக்கும் பயிற்சி. ஊசி போட்டால் சீக்கிரம் தீராதா என்று கேட்டேன். 2018-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 204 பேரை வைத்து இதைப் பார்த்திருக்கிறது. எட்டு வாரத்தில் பயிற்சியும் அறிவுரையும் பெற்றவர்களில் 77 சதவீதத்தினர் தேறியதாகச் சொன்னார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58, சும்மா காத்திருந்தவர்களில் 29.

படத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துக்கொண்டிருந்தால், ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.தான் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதற்கும் முன்னால் ஒருவர் காதுகொடுத்து, கைவைத்துப் பார்த்து, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும். அந்தப் பத்து நிமிஷம்தான் நம் ஊர் ஓ.பி.யில் கிடைப்பதில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கும்போது டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது மாடிப்படி ஏறுகிறேன். சரியாகிவிட்டதா என்று இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே என்கிறார்கள் வீட்டில்.