போட்டோ பேப்பர்ல வருமா சார்?

போன வருஷம் ஜூன் மாதம் ஒரு அபார்ட்மென்ட் விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் படிக்கும் நாற்பது பிள்ளைகளுக்கு நோட்டு, பேக், ஜாமெட்ரி பாக்ஸ் வழங்கும் விழா. ஷாமியானா, மைக், சமோசா எல்லாம் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பிள்ளை மேடைக்கு வரும். பேக்கின் ஒரு பக்கத்தை நான் பிடிக்க, மறு பக்கத்தைப் பிள்ளை பிடிக்க, இரண்டு பேரும் கேமராவைப் பார்க்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் ஒருமுறையாவது அப்படி நின்றிருப்பீர்கள். அந்தப் பக்கமோ, இந்தப் பக்கமோ.

ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண், போட்டோ எடுத்த பிறகும் இறங்காமல் நின்றாள். “போட்டோ பேப்பர்ல வருமா சார்?” என்று மெதுவாகக் கேட்டாள். ஆசையாகக் கேட்கிறாள் என்று நினைத்து, “கண்டிப்பா வரும்மா” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. “என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பார்ப்பாங்களே சார்...”

அவளுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கும் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

கீழே இறங்கியதும் சங்கத்தின் செயலாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர். கிண்டலாகச் சொல்லவில்லை, வீடு வீடாக ஏறி இறங்கி வசூல் பண்ணியவர் அவர்தான். “சார், போட்டோ வந்தாத்தான் அடுத்த வருஷமும் காசு தருவாங்க. இதுல நோட்டு முக்கியமா, போட்டோ முக்கியமா? நீங்களே சொல்லுங்க” என்றார்.

லேசில் தள்ளிவிட முடியாத கேள்வி. நோட்டு இல்லாமல் வகுப்பில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அவமானம்தானே. ஓர் அவமானத்தைப் போக்க இன்னொன்றைக் கொடுத்தால் என்ன தப்பு என்று கேட்டால், வயிறு நிறைந்த நான் என்ன பதில் சொல்வது?

ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. நாங்கள் இலவசமாகக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் விலை கொடுத்துத்தான் வாங்கிப்போனாள். வீட்டில் பணமில்லை என்பது அவளுக்குப் புதுச் செய்தி இல்லை. அதைப் பதினான்கு வயதில் மைக்கில் சொல்லக் கேட்பதுதான் புதுசு.

மேடை கூட வேண்டாம், வகுப்பறையே போதும். ‘ஸ்காலர்ஷிப் வர்ற பசங்க எல்லாம் எந்திரிங்கடா’ என்ற குரல் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். சில சமயம் சாதிப் பெயரோடு. எழுந்து நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த அரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்று சொல்வார்கள். உட்கார்ந்திருந்தவர்களும் அன்றைக்கு ஒரு பாடம் படித்தார்கள், யார் யார் என்ன சாதி என்று.

அந்தப் பாடம் எதுவரை போகும் என்பதை 2023-ல் நாங்குநேரியில் பார்த்தோம். பட்டியலின மாணவர் ஒருவரை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. வகுப்பில் சாதியைக் குறிப்பிட்டு யாரையும் அழைக்கக் கூடாது, உதவித்தொகை பற்றிய தகவலைத் தலைமை ஆசிரியரின் அறைக்குக் கூப்பிட்டு, அந்தரங்கம் கெடாமல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதைக்கூட ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி வந்து எழுதித்தர வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான வழியும் நம் ஊரிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உப்புமாவோ பொங்கலோ உண்டு. வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்று யாரும் கேட்பதில்லை. காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் போட்ட பாதைதான் இது. சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்கு என்றுதான் ஆரம்பித்தார்கள். பிறகு அரசு, உதவிபெறும் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் படிக்கும் எல்லோருக்கும் என்று ஆனது. சிலருக்கு மட்டும் என்றால் சைக்கிளே சாதிச் சான்றிதழ். எல்லோருக்கும் என்றால் அது வெறும் சைக்கிள்.

‘வசதி இருக்கறவன் பிள்ளைக்கும் ஏன் சார் ஓசியில தரணும், வரிப்பணம் வீண்தானே?’ என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் வீண்தான். ஆனால் கூடுதலாகப் போகும் அந்த ஒரு தட்டு உப்புமா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை குனியாமல் இருக்கக் கொடுக்கும் செலவு. எனக்கு அது மலிவாகத்தான் தெரிகிறது.

பணக்கார நாடுகளிலும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவில் மதிய உணவுக்குப் பணம் பாக்கி வைத்த பிள்ளையின் கையில் முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பிய பள்ளிகள் இருந்தன. நியூ மெக்ஸிகோ மாநிலம் 2017-ல் அதைத் தடுக்கச் சட்டமே போட்டது.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் தர முடியாது, ஒப்புக்கொள்கிறேன். காலேஜ் ஃபீஸை யாருக்குக் கட்டுவது என்று பார்த்துத்தான் கட்ட வேண்டும். அதற்கு ஆபீஸில் ஒருவருக்கு விவரம் தெரிந்தால் போதும். வகுப்புக்கே, தெருவுக்கே, பேப்பருக்கே எதற்கு?

இந்த வருஷமும் செயலாளர் போன் பண்ணினார். “மேடை வேண்டாங்க. பேக்கை எல்லாம் ஸ்கூல்ல குடுத்துடலாம். டீச்சர் அம்மா, அப்பாவைக் கூப்பிட்டுக் குடுக்கட்டும். நானும் காசு தர்றேன்” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன் சார்” என்றார்.

பத்து நாள் கழித்து அழைப்பிதழ் வந்தது. சிறப்பு விருந்தினர், ஒரு டி.வி. சீரியல் நடிகர். என்னைவிட போட்டோவில் நன்றாக விழுவார். செக்கை எழுதி, அந்த அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நோட்டு வேண்டுமே.