தூக்கும் கையும் தாங்கும் கையும்



சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற நம் ஊர்களில் வாலிபர்கள் மாலைதோறும் தேகப்பயிற்சிக் கூடம் செல்வதைக் காண்கிறோம். பலமுள்ள முஃமின் பலவீனரினும் அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்றும், இருவரிடமும் நலமுண்டு என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியிருப்பதால் இதை வரவேற்கிறோம்.

அங்கே ஒருவர் பளுவை நெஞ்சுக்கு மேல் தூக்குங்கால், தோழர் ஒருவர் தலைமாட்டில் நிற்பார். கை தளர்ந்தால் தாங்கிக் கொள்வார். ஆனால் அதே மனிதர் இரண்டு வாரம் வராவிட்டால் ஏனென்று கேட்போர் உண்டா? நோயில் கிடக்கிறாரோ, வேலை போயிற்றோ, யாரறிவார்?

மதீனாப் பள்ளியைப் பெருக்கி வந்த ஓர் ஏழையைக் காணாது பெருமானார் (ஸல்) விசாரித்தார்கள். அவர் மவுத்தாகி அடக்கமும் ஆயிற்றென அறிந்ததும், தமக்குச் சொல்லாததற்கு வருந்தி, கப்ருக்கே சென்று தொழுதார்கள்.

பலம் பிறருக்காகவே என்பதை நம் கெடா மண்ணும் கண்டதுண்டு. 1946-இல் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படையினர், அணிவகுத்துப் பயின்ற பலத்தைக் கள்ளின் கொடுமையிலிருந்து தொழிலாளர் குடும்பங்களை மீட்கவே செலவிட்டனர். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களல்லர். எனினும் போதை ஹராமென அறிந்த நமக்கு அதில் படிப்பினை இல்லையா?

ஆகவே வாலிபர்களே, உங்களோடு பயில்பவர் எம்மதத்தவராயினும், சில நாள் காணாவிட்டால் வீடு தேடிச் செல்லுங்கள். வெறுங்கையோடு செல்லாதீர்கள். கூடத்தில் நீண்ட கை, வாசலிலும் நீளட்டும்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.