பிழைத்ததெல்லாம் சிறந்ததா?

"நல்லது தானாக நிலைக்கும், அழிந்துபோனது அழிய வேண்டியதுதான்." விசைத்தறிக்கு முன்னால் கைத்தறி ஒடுங்குவதைப் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது இப்படிச் சொல்லி முடித்துவிடுவார்கள். டார்வினையும் சாட்சிக்கு இழுப்பார்கள். இந்த வாதம் நிற்குமா என்பதைக் காஞ்சிபுரத்தை வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் பட்டுப்பூச்சி. காஞ்சித் தறியில் ஓடும் பட்டு, மல்பெரி இலை தின்னும் புழு நூற்றது. அதன் காட்டு இனம் இன்றும் கிழக்காசியாவில் பழுப்பு நிறத்தில் பறந்து திரிகிறது. சீனத்தில் சுமார் 5,000 ஆண்டுகளாக மனிதர்கள் பெரிய கூடு கட்டும் புழுவையே தேர்ந்து தேர்ந்து வளர்த்தார்கள். அதன் விளைவு என்ன? வளர்ப்பு இனம் கூட்டைவிட்டு வெளிவந்ததும் வெள்ளைச் சிறகைப் படபடவென்று அடிக்கிறது, ஆனால் எழும்ப முடிவதில்லை. அதன் புழுவுக்கு இலையை மனிதர் பறித்து வந்து போட வேண்டும். பெரும்பாலான கூடுகள் சிறகு முளைக்கும் முன்பே கொதிநீருக்குப் போகின்றன. ஆனாலும் எண்ணிக்கைக் கணக்கில் இது மாபெரும் வெற்றி பெற்ற உயிரினம். டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயமே மனிதர் வளர்க்கும் உயிர்களைப் பற்றியது. இருக்கும் சூழலுக்குப் பொருந்தியது பெருகும் என்பதுதான் அவர் காட்டியது. பெருகியது நன்றாக வாழ்கிறது என்றோ, மேலானது என்றோ அந்தக் கொள்கை சொல்லவில்லை.

பெருகியதை மேலானது என்று கொள்ளும் இந்தத் தவற்றைப் பிடிக்கும் கருவி காஞ்சி மண்ணுக்குப் பழக்கமானது. பௌத்தத் தருக்கத்தை வகுத்த திக்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. மணிமேகலைக் காப்பியத்தில் நாயகிக்கு அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும் இடமும் காஞ்சிதான். அந்தத் தருக்கம், ஒருவர் காட்டும் ஏதுவுக்கு, அதாவது காரணத்துக்கு, மூன்று சோதனைகளை வைக்கிறது. பேசும் பொருளில் அந்த ஏது இருக்க வேண்டும். அதை ஒத்தவற்றில் இருக்க வேண்டும். அதற்கு மாறானவற்றில் இருக்கவே கூடாது. "நிலைத்திருக்கிறது, ஆகவே நல்லது" என்பது மூன்றாவது சோதனையில் விழுந்துவிடுகிறது. தீண்டாமையும் நூற்றாண்டு நூற்றாண்டாக நிலைத்ததுதானே? தீயவற்றிலும் காணப்படும் ஒன்றை நன்மைக்குச் சான்றாக வைக்க முடியாது.

வரலாறு இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் சுமார் நூறு பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதுகிறார். காஞ்சியில் பிறந்த தருமபாலர் நாளந்தாவின் தலைவராகவே உயர்ந்தார். அந்த மடங்களில் ஒன்றுகூட இன்று இயங்கவில்லை. அங்கே வளர்ந்த சிந்தனை தரமற்றது என்பதா அதற்குப் பொருள்? திக்நாகரின் முதன்மையான நூல் சமஸ்கிருதத்தில் முழுமையாகக் கிடைக்காமல், திபெத்திய மொழிபெயர்ப்பில் தப்பிப் பிழைத்து, இன்றும் உலகத் தத்துவத் துறைகளில் விவாதிக்கப்படுகிறது. அரச ஆதரவும் மக்களின் பக்தியும் திசை மாறியதால் மடங்கள் மறைந்தன. கருத்தின் தரத்தை அளப்பதற்கு அந்த மறைவு உதவாது.

"அப்படியானால் பழையது எல்லாவற்றையும் கட்டிக்காக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேண்டியதில்லை. கோர்வைப் புடவையைப் பாருங்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் இழையும் கரை இழையும் கையால் கோக்கப்படுகின்றன. ஓரத்து நாடாவைத் தள்ள நெசவாளருக்குப் பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். ஒரு காலத்தில் பல வீடுகளில் அந்த இடத்தில் உட்கார்ந்தது பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை. கோர்வையும் பழையது, பிள்ளை உழைப்பும் பழையது. முன்னதைக் காப்பதும் பின்னதை ஒழிப்பதும் சரி என்று நாம் உணர்கிறோம் என்றால், பழமையை அல்ல, வேறொன்றை அளவுகோலாக வைத்திருக்கிறோம்: அதனால் மனிதர் வளர்கிறாரா, நசுங்குகிறாரா?

இன்னொரு மறுப்பும் உண்டு. "சந்தையின் போக்கு இயற்கை, அதில் தலையிட நாம் யார்?" சந்தை மழையைப் போலத் தானாகப் பெய்வதில்லை. அது வாங்குபவர்களின் கோடிக்கணக்கான முடிவுகள் சேர்ந்தது. சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும் மனிதர் எடுத்த முடிவே. கைத்தறிப் பட்டு என்ற பெயரில் விசைத்தறிச் சேலையை விற்பதும், தெரிந்தே அதை வாங்குவதும் முடிவுகள்தாம். பட்டுப்பூச்சியின் பறக்கும் திறனைப் பறிக்க வேண்டும் என்று அன்று எவரும் திட்டமிடவில்லை. தினசரித் தேர்வுகள் சேர்ந்து அதைச் செய்து முடித்தன. ஒரு நெசவாளர் தன் மகளுக்குத் தறியைக் கற்றுத்தர விரும்புவாரா என்பதையும் அப்படித்தான் நாம் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம். அவருக்குக் கிடைக்கும் கூலி ஒரு குடும்பத்தை மதிப்போடு வாழவைத்தால் கோர்வை நிலைக்கும்; இல்லாவிட்டால் போகும். போனால், அது காலத்தின் தீர்ப்பு என்று சொல்லிக் கைகழுவ நமக்கு உரிமை கிடையாது. தீர்ப்பு எழுதியவர்கள் நாம்தான்.