தவளைக் காலும் சுவரொட்டியும்

சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்கும் கள்ளழகர் அன்றிரவு மதுரையில் எங்கள் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குவார். மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் எழுந்தருளி மண்டூக மகரிஷிக்கு மோட்சம் கொடுப்பார். நூபுர கங்கையில் நீராடிக்கொண்டிருந்த சுதபஸ் முனிவர், எதிரே வந்த துர்வாசரைக் கவனிக்கவில்லை. தவளையாகப் போ என்று சாபம் விழுந்தது. அவர்தான் மண்டூக மகரிஷி. ஒரு தவளைக்காக ஊரே திரண்டு வெயிலில் நிற்கும் இடம் இது. இந்த ஊர்க்காரனான எனக்கு ஒருகாலத்தில் தவளைக் கால் தின்று பார்க்கும் ஆசை இருந்தது. சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: "கோழி மாதிரியே இருக்கும்."

ஆசை போனதற்குக் காரணம் அருவருப்பு இல்லை. அந்தக் கால்கள் எப்படிக் கிடைத்தன என்று படித்ததுதான். பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் உறைய வைத்த தவளைக் கால்களை நம் நாடு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் ஏற்றுமதி செய்துவந்தது. மழைக்கால இரவுகளில் விளக்கோடு வயலில் இறங்குவார்கள். முகத்தில் வெளிச்சம் பட்டதும் தவளை அசையாமல் உட்கார்ந்துவிடும். அள்ளிச் சாக்கில் போட வேண்டியதுதான். பின்னங்கால்களை வெட்டிக்கொண்டு மீதி உடம்பை எறிந்துவிடுவார்கள், பல நேரம் அதில் உயிர் இருக்கும்போதே. நெல்லைத் தின்னும் பூச்சியைத் தின்றுவந்த பிராணி வயலைவிட்டு அப்படிப் போனது. 1987இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. வியாபாரம் நிற்கவில்லை, இந்தோனேசியாவுக்கு நகர்ந்தது. தவளையைத் தின்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு காலுக்காக ஓர் உடம்பை எறிவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த "கோழி மாதிரி" என்ற பேச்சும் என்னை விடவில்லை. முயலைக் கேட்டாலும் அதுதான், காடையைக் கேட்டாலும் அதுதான், உடும்பைக் கேட்டாலும் அதுதான். கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். ஓயாமல் உழைக்கும் தசைக்கு ஆக்சிஜனைத் தேக்கிவைக்க மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் நிறைய வேண்டும். புறா நாளெல்லாம் பறக்கிறது. அதன் நெஞ்சுக்கறி ஈரல்போலக் கருஞ்சிவப்பாக, இரும்பு வாசத்தோடு இருக்கும். கோழி எப்போதாவது சுவரேறப் படபடப்பதோடு சரி. அதன் நெஞ்சு வெளுப்பு. தவளைக்கும் ஒரு தாவல், பிறகு நெடுநேரம் இருப்பு. கூண்டில் வளர்ந்த முயலின் கறி வெளுத்திருக்கும். காட்டு முயலின் கறியோ சிவந்திருக்கும். அந்தப் பிராணி எப்படி வாழ்ந்தது, எவ்வளவு ஓடியது, எதை மேய்ந்தது என்பதுதான் கறியின் ருசி. ஆறு வாரத்தில் வளர்ந்து வெட்டுக்கு வரும் பிராய்லருக்கு வாழ நேரமே இல்லை. ருசியே ஏறாத அந்தக் கறியை அளவுகோலாக வைத்துக்கொண்டு உலகத்துப் பிராணிகளையெல்லாம் நாம் அளக்கிறோம்.

முன்னோர் அப்படி அளக்கவில்லை. நாய் பிடித்துவந்த உடும்பைப் பொரித்துச் செந்நெல் சோற்றோடு விருந்தினருக்குப் படைத்த எயினர் என்னும் வேட்டுவரைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பாரியின் பறம்பு நாட்டில் புற்றீசலை மோரில் புளிக்கச் சமைத்ததைக் கபிலர் புறநானூற்றில் சொல்கிறார். பறம்பு என்பது இன்றைய பிரான்மலை என்பார்கள். மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போய்விடலாம்.

உடும்பை இன்று தொட முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு உச்சப் பாதுகாப்பு, மயிலுக்கும் அப்படியே. காட்டு முயலும் கௌதாரியும்கூடச் சட்டத்தின் காவலில்தான் இருக்கின்றன. இதில் எனக்கு வருத்தமில்லை. எனக்குத் தெரியாத ருசிகள் சில இருக்கட்டும். அவை புதருக்குள் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஈசலுக்கு அந்தத் தடையில்லை. மழை பெய்து ஓய்ந்த அந்தியில் புற்றிலிருந்து கிளம்பும். பிடித்து வெறும் சட்டியில் வறுத்து, முறத்தில் புடைத்தால் இறகு பறந்துவிடும். வறுத்த அரிசியும் பொட்டுக்கடலையும் கலந்து கொறிப்பார்கள். அதற்கு உடம்பில் கொழுப்பு அதிகம். வறுத்த வேர்க்கடலையின் ருசி வரும். இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இறாலைத் தலையோடு உறிஞ்சுவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பது நாக்கின் பழக்கம் இல்லை. சாதியும் அந்தஸ்தும் கற்றுக்கொடுத்தது. எலிக்கறி தின்பவர், நத்தை தின்பவர் என்று எத்தனை பேரைப் பந்தியிலிருந்து தள்ளி வைத்திருக்கிறோம்! அவர்கள் வயலைத் தெரிந்தவர்கள். எந்தப் பருவத்தில் எது கொழுத்திருக்கும், எதைக் குட்டியோடு விட்டுவிட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அதனால் புதுக் கறி தேடும் என் ஆசையைக் காட்டுப் பக்கமிருந்து கறிக்கடைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கொன்றாகிவிட்ட ஆட்டிலேயே நம்மில் பாதிப் பேர் தொடாத ருசிகள் கிடக்கின்றன. குடல், தலைக்கறி, மூளை, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு உதிர்த்த ரத்தப் பொரியல். மதுரைக்காரர்களுக்கு இவை புதிதில்லை என்றாலும், தொடையும் நெஞ்சும் மட்டும் கேட்டு நிற்கும் கூட்டம் கடைக்குக் கடை கூடிக்கொண்டுதான் வருகிறது.

இவற்றில் சுவரொட்டிக்கு ஈடு எனக்கு எதுவும் இல்லை. உள்ளங்கை அளவில், தட்டையாக, நாவற்பழ நிறத்தில் இருக்கும் மண்ணீரல். கழுவி, மேலே கத்தியால் லேசாகக் கீறி, உப்பும் மிளகும் தடவிக் கனலில் காட்டினால் உப்பிக்கொண்டு வரும். உடனே எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ரப்பராகிவிடும். ஈரலின் வாசம் இருக்கும், ஈரலின் மாவுத்தன்மை இருக்காது. மெல்லவே வேண்டாத மென்மை, கடைசியில் நாக்கில் தங்கும் லேசான கசப்பு. இதைக் கோழி மாதிரி என்று யாரும் சொல்ல முடியாது.

ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் போன ஒரு ஞாயிறு, "சுவரொட்டி இருக்காண்ணே?" என்றேன். "இருந்ததே ஒண்ணு. இந்தம்மா மகளுக்குப் பிரசவம் ஆயிருக்கு, அவுகளுக்குக் குடுத்துட்டேன். நுரையீரல் இருக்கு, கொண்டு போறீகளா?" என்றார் கறிக்கடைக்காரர். ரத்தம் ஊற வேண்டிய உடம்புக்குச் சுவரொட்டி என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். நுரையீரலை வாங்கிக்கொண்டேன். முதலில் நன்றாக வேகவைத்து, நுரைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பொடியாக அரிந்து மிளகு போட்டு வதக்க வேண்டும். அதற்கென்று தனி ருசி குறைவு. மசாலாவை முழுக்க உறிஞ்சிக்கொண்டு, பல்லில் மெத்து மெத்தென்று படும்.