யார் தலையில் கட்டுவது?

ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் குற்றாலம் போகிற வண்டியும் வருகிற வண்டியுமாக எங்கள் சுரண்டை ரோடு நிறைந்துவிடும். டீசல் காரில் பெட்ரோல் போட்ட கேஸ் என் ஒர்க்‌ஷாப்புக்கு அதிகம் வருவதும் அப்போதுதான். பங்க்கில் கூட்டம், வண்டிக்குள் ஈரத்தலையோடு பிள்ளைகள், எல்லாருக்கும் அவசரம். “ஜீரோ பாத்துக்கோங்க” என்று பையன் சொல்வான், இவர்களும் மீட்டரைப் பார்ப்பார்கள். எந்த கன்னை எடுத்தான் என்று யாரும் பார்ப்பதில்லை. கட்டி இழுத்துக்கொண்டு வந்த பிறகு எல்லாரும் சொல்வது ஒன்றே: “தெரியாமத்தான அண்ணாச்சி நடந்துபோச்சு.”

இன்ஜினுக்கு அந்தச் சொல் புரியாது. டீசல் இன்ஜினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. காற்றைப் 16 மடங்கு போல அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. டீசலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காமன் ரெயில் என்கிற உயர் அழுத்த முறை உள்ள டீசல் வண்டியின் பம்ப் 1,600 பாருக்கு மேல் அழுத்தம் ஏற்றக்கூடியது. கார் டயருக்குள் இருப்பதோ இரண்டு பார் சொச்சம்தான். அவ்வளவு அழுத்தத்தில் உரசும் இரும்புக்கு, உள்ளே ஓடுகிற டீசலின் பசைதான் காப்பு. பெட்ரோல் அந்தப் பசையைக் கழுவிவிடும். அப்படி ஓடிய வண்டியின் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பார்த்திருக்கிறேன். வெள்ளிப்பொடி தூவினாற்போல மினுங்கும். பம்ப் தன்னையே அரைத்துக்கொண்ட தூள் அது. அது இன்ஜெக்டர் வரைக்கும் போயிருக்கும்.

போட்டதுமே தெரிந்துவிட்டால் செல்ஃப் அடிக்காமல் தள்ளி நிறுத்தி, டேங்கை இறக்கிக் கழுவினால் அநேகமாகத் தப்பிக்கலாம். தெரியாதவன்தான் நாலு கிலோமீட்டர் ஓட்டிவிடுகிறான். அதனால் தெரியாமல் செய்த பிழைக்குத்தான் இங்கே தண்டனை கூடுதல். கடவுளின் நியாயமும் இப்படித்தானா என்பது வெகுகாலமாக என் மனதை அரிக்கிற கேள்வி.

ஒரு ஆடியில் கோவில்பட்டிக் குடும்பம் ஒன்று இப்படி வந்து மாட்டிக்கொண்டது. பெரியவர் வள்ளலார் அன்பர். ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேட்டார்: “கருங்குழியில வள்ளலார் எண்ணெய்னு நெனச்சுத் தண்ணியத்தான ஊத்துனாரு? விடிய விடிய வெளக்கு எரிஞ்சுதே. நமக்கு மட்டும் ஏன் நின்னுபோச்சு?” கேலியாகக் கேட்கவில்லை, மனசார வருத்தப்பட்டுக் கேட்டார். வடலூர்ப் பக்கத்துக் கருங்குழியில் ரெட்டியார் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்ததாக அன்பர்கள் சொல்லும் அற்புதம் அது. அது போன்ற ஒன்று பெரியபுராணத்திலும் உண்டு. எண்ணெய் கேட்டுப் போன இடத்தில் ஏளனப்பட்ட நமிநந்தியடிகள், இறைவன் சொற்படி குளத்து நீரை முகந்துவந்து திருவாரூரில் விளக்கெரித்தார்.

பெரியவருக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு யோசித்ததில், எனக்கு வழி காட்டியது தண்ணீரில் எரிந்த விளக்கு இல்லை. எரியாமல் போக இருந்த விளக்கு, கலிய நாயனாருடையது. அவருடைய குருபூசையும் ஆடியில்தான், கேட்டை நட்சத்திரத்தில்.

திருவொற்றியூர்க் கலியர் செக்கு வணிகர். எண்ணெய் அவருடைய தொழில். செல்வமெல்லாம் கோயில் விளக்குக்கே போய்த் தீர்ந்தது. பிறகு கூலிக்கு எண்ணெய் விற்றார், கூலிக்குச் செக்கு ஆட்டினார். அதுவும் நின்றபோது மனைவியை விற்க முனைந்தார். இந்த இடம் எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. பக்தி பெரிது என்று சொல்லி இதைத் தாண்டிப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தன் வேண்டுதலுக்கு இன்னொரு உயிரை விலையாக வைக்க யாருக்கு உரிமை? ஆனால் கதை எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஊர் முழுக்கத் தேடியும் அந்த அம்மாளை வாங்க ஆள் இல்லை. சிவபெருமானும் அப்போது வரவில்லை. எண்ணெய்க்குப் பதிலாகத் தன் இரத்தத்தை ஊற்றுவது என்று தன் கழுத்திலேயே அரிவாளை வைத்தபோதுதான் வந்து கையைப் பிடித்தார். விலையை அடுத்தவர் மேல் ஏற்றியபோது சும்மா இருந்தவர், தன் மேல் ஏற்றிக்கொண்டபோது வந்தார். கணம்புல்ல நாயனாரும் அப்படியே. சிதம்பரத்தில் கோயில் விளக்காக எரிக்கப் புல் போதாதபோது, தன் தலைமுடியைத்தான் விளக்கில் மடுத்தார்.

ஆகவே, தெரியாமல் செய்ததற்குத் தண்டனை உண்டா என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். விலை இருக்கத்தான் செய்கிறது. இரும்பு வாங்காமல் விடாது. அதை யார் தலையில் கட்டுகிறோம் என்பதைத்தான் கடவுள் பார்க்கிறார் என்று நம்புகிறேன். மனுநீதிச் சோழன் கதையை எல்லாரும் தண்டனைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கன்று தேர்க்காலில் சிக்கியது இளவரசன் அறியாமல் நடந்ததுதான். பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். குடிகளுக்கு ஒரு நியாயம், தன் வீட்டுக்கு ஒரு நியாயம் என்று சோழன் வைத்துக்கொள்ளவில்லை. அந்த அளவில் அவன் பெரியவன். ஆனால் விலையை மகன் மேல் ஏற்றி, அவனைத் தேர்க்காலில் இட்டது எனக்கு இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது.

கோவில்பட்டிக் கார் விஷயத்துக்கு வருகிறேன். பம்பும் நாலு இன்ஜெக்டரும் சேர்ந்தால் செலவு லட்சத்தைத் தொடும். ஊற்றியவன் காலேஜ் லீவில் வேலைக்கு வந்த பையன். பத்தாயிரம் சம்பளம். சாயங்காலம் சைக்கிளில் தானாகவே வந்து, கழற்றிப் போட்ட பம்ப் பக்கத்திலேயே நின்றான். “மொதலாளி சம்பளத்துல பிடிக்கேன்னுட்டாவ அண்ணாச்சி” என்றான். இரண்டு கன்னுக்கும் கூட்டத்துக்கும் அவனைத் தனியாளாக நிறுத்தியது யார்? அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் போட்டார்களா?

பங்க் முதலாளி திருநீறு பூசாமல் வெளியே இறங்காதவர். மாதாமாதம் கோயில் விளக்குக்கு எண்ணெய் டின் அவர் உபயம். நேரே போய்க் கலியர் கதையைச் சொன்னேன். வாடிக்கை போய்விடுமே என்று என் வீட்டில் பயந்தார்கள். முதலாளி முழுக்கக் கேட்டார், கோபப்படவில்லை. “பாதிய நான் போடுதேன்” என்றார். பெரியவர் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றுக்கொண்டார். பையன் தலையில் விழுந்த மிச்சத்தை முதலாளி இன்னும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். கார்த்திகைக்கு எண்ணெய் டின் கொடுக்கக் கோயிலுக்கு வருவார். பையனிடம் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள் என்று அங்கே வைத்துத் திரும்பக் கேட்கப் போகிறேன்.